எல்எஸ்6 ஷெவெலா, ஹெமி குடாவா: காகிதத்தை நம்பும் காரும் தகட்டை நம்பும் காரும்

பெரிய இன்ஜின் போட்டு வேகத்துக்கென்றே விற்ற அமெரிக்க மசில் கார் பற்றி நாலு பேர் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்திலேயே 1970ஆம் ஆண்டில் வந்து நிற்பார்கள், அதிலும் இரண்டு கார்களில். ஒன்று ஷெவர்லேயின் ஷெவெல் எஸ்எஸ் 454, அதுவும் எல்எஸ்6 இன்ஜின் போட்டது. இன்னொன்று பிளைமவுத்தின் குடா, அதுவும் ஹெமி என்ற இன்ஜின் போட்ட ஹெமி குடா. எது வேகம் என்று தொடங்கும் சண்டை எங்கும் போய்ச் சேராது, ஏனென்றால் அந்தக் காலத்துப் பத்திரிகைச் சோதனைகளில் இரண்டுமே கால் மைலை 13 விநாடிக்குச் சற்று மேலே ஓடி முடித்தவை. டயர், ஓட்டியவரின் கால், அன்றைய வெயில் என்று ஏதோ ஒன்று மாறினால் ஜெயிக்கிற காரும் மாறிவிடும். அதனால் அதை விட்டுவிடலாம். இன்றைக்குப் பெரிய தொகையோடு சேகரிக்க வருபவருக்கு வேண்டியது வேறு கேள்வி: இந்தக் கார் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறதோ, அதை எதை வைத்து நிரூபிக்கும்?

இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் நேரெதிர். என் கட்சி என்னவென்றால், விலையில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு இன்ஜினால் வந்ததல்ல, இந்த நிரூபணத்தால் வந்தது. எண்ணிக்கையும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. அதையும் பார்ப்போம்.

முதலில் கார்கள்

ஷெவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் அதுவரை ஒரு கட்டுப்பாடு இருந்தது. நடுத்தர அளவுக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் போடக்கூடாது. 1970 மாடலுக்கு அதைத் தூக்கினார்கள். ஷெவர்லே உடனே 454 கன அங்குல இன்ஜினை ஷெவெலுக்குள் இறக்கியது. அதில் இரண்டு ரகம். எல்எஸ்5 என்பது 360 குதிரைத்திறன், சாதுவானது. எல்எஸ்6 என்பது 450 குதிரைத்திறன், 500 பவுண்டு-அடி முறுக்குவிசை, 11.25க்கு 1 என்ற அழுத்த விகிதம், பெரிய ஹோலி கார்புரேட்டர், சாலிட் லிஃப்டர். அந்தக் கால மசில் கார்களில் விளம்பரத்தில் அச்சடித்து, ஷோரூமில் உண்மையாகவே விற்றவற்றில் இதைவிடப் பெரிய எண் கிடையாது.

ஹெமியின் கதை பந்தயத்திலிருந்து வந்தது. 1964 டேடோனா 500 பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தது இந்த 426 கன அங்குல ஹெமியை வைத்துத்தான். பந்தயத்தில் ஓட வேண்டுமென்றால் பொதுமக்களுக்கும் விற்க வேண்டும் என்ற நெருக்கடியில் 1966இல் இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். 425 குதிரைத்திறன் என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும் அது அடக்கி வாசித்த கணக்கு என்பது அப்போதே ஊரறிந்த விஷயம். 1970இல் புது வடிவத்தில் வந்த பாரகுடாவின் முரட்டு ரகமான குடாவில் இதைப் போட்டு, இன்ஜின் மேலேயே பொருத்திய காற்றுக் கூண்டு போனட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும்படி விட்டார்கள். இன்ஜின் ஆடும்போது அதுவும் சேர்ந்து ஆடும். ஷேக்கர் என்ற பெயர் அதனால் வந்தது.

இப்போது எண்ணிக்கை. 1970இல் எல்எஸ்6 போட்ட கார்கள் மொத்தம் 4,475. மூடிய கார், கன்வெர்ட்டிபிள், பின்னால் சரக்குத் தொட்டி வைத்த எல் காமினோ எல்லாம் இதற்குள் அடக்கம். ஹெமி குடா 666 மட்டுமே, அதில் கூரை மூடிய ஹார்ட்டாப் 652, கூரையை மடக்கித் திறக்கும் கன்வெர்ட்டிபிள் 14. ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று.

ஏன் இவ்வளவு குறைவு? விலைதான். குடாவின் அடிப்படை விலை 3,164 டாலர். ஹெமி வேண்டுமென்றால் அதற்கு மேல் 871 டாலர், அதாவது கார் விலையில் கால் பங்குக்கும் அதிகம். எல்எஸ்6க்கு எஸ்எஸ் 454 தொகுப்பின் மேல் 263 டாலர் வைத்தால் போதும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் வேறு இந்த மாதிரிக் கார்களுக்கும் இருபது வயதுப் பையன்களுக்கும் சேர்த்துப் பிரீமியத்தை ஏற்றிவிட்டன. யானையை வாங்கத் துணிந்தவர்கள் தீனிச் செலவைப் பார்த்து மிரண்டு திரும்பிய கதை. மறு வருடமே ஜெனரல் மோட்டார்ஸ் அழுத்த விகிதங்களைக் குறைத்தது, 1971 முடிந்ததும் தெரு ஹெமியும் நின்றது. இரண்டு காருக்கும் உச்சம் என்பது ஏறத்தாழ ஒரே வருடம்தான்.

முகத்தை வைத்து வருடம் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான குறிப்பு: 1970 ஷெவெலுக்கு முன்னால் நான்கு விளக்கு, 1971இல் இரண்டாகக் குறைத்தார்கள், 1970 குடாவுக்கு இரண்டு விளக்கு, 1971இல் நான்காக்கினார்கள்.

விஐஎன் சொல்வதும் சொல்லாததும்

இதுதான் விஷயத்தின் முதுகெலும்பு, அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

டாஷ்போர்டின் மேல், ஓட்டுநர் பக்கக் கண்ணாடிக்கு அடியில், ஒரு சின்னத் தகடு ரிவெட் அடித்திருக்கும். அதுதான் விஐஎன், காரின் அடையாள எண். 1970 ஹெமி குடா ஹார்ட்டாப் என்றால் அது பிஎஸ்23ஆர்0 என்று தொடங்கியே ஆக வேண்டும். பி என்றால் பாரகுடா, எஸ் என்பது விலைப் பிரிவு, 23 என்றால் இரண்டு கதவு ஹார்ட்டாப், கடைசி 0 என்பது 1970. நடுவில் இருக்கும் ஆர் என்ற எழுத்துதான் 426 ஹெமி. கன்வெர்ட்டிபிள் என்றால் 23க்குப் பதில் 27. அடுத்து வரும் எழுத்து பி என்றால் டெட்ராய்ட் பக்கத்து ஹாம்ட்ராமிக் ஆலை, ஈ என்றால் லாஸ் ஏஞ்சலஸ். ஆக, அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்தாலே, ஆலையை விட்டு வெளியே வந்தபோது இந்தக் காருக்குள் ஹெமி இருந்தது என்று தெரிந்துவிடும். இடையில் யார் இன்ஜினைக் கழற்றி எங்கே போட்டிருந்தாலும் சரி.

ஷெவெலில் இந்த வசதி கிடையாது. விஐஎன் 13637 என்று தொடங்கும். 1 என்றால் ஷெவர்லே, 36 என்றால் வி8 மாலிபு (ஷெவெலின் ஒரு ரகம்), 37 என்றால் இரண்டு கதவு ஸ்போர்ட் கூபே. அவ்வளவுதான். 307 கன அங்குல இன்ஜினோடு கடைகண்ணிக்குப் போய்வர ஒருவர் வாங்கிய மாலிபுவுக்கும் இதே 13637தான், 450 குதிரைத்திறன் எல்எஸ்6க்கும் இதே 13637தான். 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் காருக்கு 138 என்று தனி வரிசை இருந்தது. 1969இல் எஸ்எஸ்ஸை வெறும் கூடுதல் தொகுப்பாக மாற்றியதோடு அதுவும் போயிற்று. இன்ஜின் அறைக்குப் பின்சுவரில் இருக்கும் இன்னொரு தகடும் பெயிண்ட், சீட் நிறம், ஆலை, தயாரித்த வாரம் இவற்றைச் சொல்லுமே தவிர, இன்ஜின் என்ன என்று வாய் திறக்காது.

விளைவு என்ன? சாதாரண மாலிபு ஒன்றை வாங்கி, கருப்புக் கிரில், எஸ்எஸ் எழுத்து, வட்ட மீட்டர் வைத்த டாஷ்போர்டு, 12 போல்ட் ரியர் ஆக்சில், போனட்டில் வால்வு திறக்கும் கௌல் இண்டக்‌ஷன் எல்லாவற்றையும் பொருத்தி, ஒரு 454ஐயும் இறக்கினால் பத்தடி தள்ளி நிற்பவருக்கு அது எல்எஸ்6தான். இந்தச் சாமான்கள் எல்லாமே புதிதாகச் செய்து கிடைக்கின்றன. 4,475 செய்தார்கள், அதில் பத்தாயிரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஷெவெல் ரசிகர்களே கிண்டலடிப்பார்கள்.

அப்படியானால் உண்மையான எல்எஸ்6ஐ எது காட்டிக்கொடுக்கும்? காகிதம். ஆலையில் வண்டி வரிசையில் நகரும்போது எந்த வண்டிக்கு என்ன பொருத்த வேண்டும் என்று எழுதிய பில்டு ஷீட் ஒன்று போகும். வேலை முடிந்ததும் தொழிலாளர்கள் அதை எங்கேயாவது செருகிவிடுவார்கள். பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம், பின் சீட் ஸ்பிரிங்குக்குள். ஐம்பது வருடம் கழித்து டேங்கை இறக்கும்போது மஞ்சளாகி, ஓரம் எலி கடித்து, துருக்கறையோடு அது வெளியே வரும், இல்லாவிட்டால் வராது. வந்தால் யோகம்தான். அது போக, வாரண்டிப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் புரொடெக்டோ பிளேட் என்ற உலோக அட்டை, டீலர் பில், பழைய உரிமையாளர்கள் எடுத்துவைத்த போட்டோ, ரசீது. கனடாவில் விற்ற கார் என்றால் ஜெனரல் மோட்டார்ஸ் கனடாவே பழைய பதிவைப் பார்த்துத் தாள் கொடுக்கும், அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் விற்ற ஷெவெலுக்குத் தனி மரியாதை. ஜன்னலில் ஒட்டும் விலைச் சீட்டை மட்டும் காட்டி ஒருவர் விற்க வந்தால் அதைப் பார்த்து மயங்க வேண்டாம், அதை இன்றைக்கும் அச்சடித்து விற்கிறார்கள்.

பிளாக்கில் நாலு விரல் அகல இடம்

காகிதம் இல்லை, ஆனால் இன்ஜினில் நம்பர் ஒத்துப்போகிறது என்பார்கள். சரி, பார்க்கலாம்.

ஷெவெலின் வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் பிளாக்கில் ஒரு சமதளத் திண்டு இருக்கும். நாலு விரல் அகலம். அழுக்கையும் கிரீஸையும் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் எழுத்து தெரியும். டி0210சிஆர்வி என்று இருந்தால், டி என்றால் நியூயார்க் மாநிலத்து டானவாண்டா இன்ஜின் ஆலை, 0210 என்றால் பிப்ரவரி 10, சிஆர்வி என்றால் நான்கு கியர் மேனுவலோடு வந்த எல்எஸ்6. ஆட்டோமேட்டிக் கியர் என்றால் சிஆர்ஆர். அதற்குப் பக்கத்தில் காரின் விஐஎன்னில் கடைசிப் பகுதி அடித்திருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அந்த இன்ஜின் அந்தக் காரோடு பிறந்தது.

ஆனால் எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது, எழுத்துக்குக் கீழே உள்ள பரப்பைப் பார்க்க வேண்டும். ஆலையில் அந்தப் பரப்பை இழைத்த கருவி முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகளை விட்டிருக்கும். வலை மாதிரி சன்னமாகத் தெரியும். லேத்துப் பட்டறையில் பிளாக்கை மறுபடி மட்டம் தட்டியிருந்தால் அந்தக் கோடுகள் போயிருக்கும், அல்லது வளைந்த கீறலாக மாறியிருக்கும். கோடு இல்லாத வழவழப்பான இடத்தில் மட்டும் நம்பர் பளிச்சென்று இருந்தால் யாரோ பிற்பாடு அடித்தது என்று சந்தேகப்பட வேண்டும். இதற்கும் மேலே போய்க் கோட்டையே போலியாக இழுக்கிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அதனால் மூன்று தேதிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது வழக்கம்: பிளாக் வார்த்த தேதி வார்ப்பிலேயே இருக்கும், மாதத்துக்கு ஒரு எழுத்து, ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி; அது முதலில் வர வேண்டும், இன்ஜின் கோத்த தேதி அடுத்து, கார் கோத்த வாரம் கடைசி. பிப்ரவரி 10இல் கோத்த இன்ஜின் ஜனவரியில் ஆலையை விட்டுப் போன காருக்குள் எப்படி இருக்கும்?

நம்பர் அழிந்துபோன எல்லாக் காரும் மோசடி என்று நான் சொல்லவில்லை. ஓவர்ஹாலுக்குப் போன நல்ல இன்ஜினை விவரம் தெரியாத மெக்கானிக் மட்டம் தட்டி நம்பரையும் சேர்த்துத் தேய்த்தது நிறைய உண்டு, 1975இல் அது வெறும் பழைய கார்தானே. இங்கேதான் சந்தையோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. நம்பர் ஒத்துப்போகிறது என்ற ஒரு வார்த்தைக்குக் கூட்டம் மயங்கிவிடுகிறது. என்னைக் கேட்டால், ஒரிஜினல் இன்ஜின் போய்விட்ட, ஆனால் பில்டு ஷீட் கையில் இருக்கிற எல்எஸ்6தான் நல்ல கார். துண்டுக் காகிதம்கூட இல்லாமல் பிளாக்கில் மட்டும் புத்தம்புதுசாக நம்பர் மின்னுகிற காரைவிட அதற்கு நான் கூடுதலாகக் கொடுப்பேன்.

குடாவிலும் பொறி உண்டு

விஐஎன்னில் ஆர் இருக்கிறது, அப்புறம் என்ன கவலை என்று நினைக்கலாம். எல்லா நம்பிக்கையும் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும்போது அந்தத் தகட்டையே இடம் மாற்றினால்?

ஷெவெலுக்குத் தனி சேசிஸ், அதன் மேல் பாடி. குடாவுக்கு சேசிஸ் தனியாகக் கிடையாது, பாடியும் அடிச்சட்டமும் ஒரே உடம்பு. பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுகிற மாநிலங்களில் ஓடிய கார் என்றால் பின்பக்க சட்டங்கள், டிக்கித் தரை, முன்பக்க டார்ஷன் பார் மாட்டும் குறுக்குச் சட்டம் எல்லாம் துருவில் கரைந்திருக்கும். அப்படிக் கரைந்த நிஜ ஹெமி காரிலிருந்து தகடுகளை மட்டும் பெயர்த்து, சின்ன இன்ஜினோடு வெயில் மாநிலத்தில் சுத்தமாக இருந்த பாரகுடா உடம்பில் பதித்து, அதை ஹெமி குடா என்று விற்ற வேலைகள் நடந்திருக்கின்றன. பாடி மாற்று என்று நாகரிகமாகச் சொல்வார்கள். விஐஎன் தகட்டைக் கழற்றி இப்படி ஏமாற்றுவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

இதைப் பிடிக்க வழி இருக்கிறது. விஐஎன்னின் கடைசி இலக்கங்களை ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலும், போனட்டின் பின்பக்க ரப்பருக்கு அடியில் மறைந்திருக்கும் கௌல் தகட்டிலும் ஆலையிலேயே நேராக உலோகத்தில் குத்தியிருப்பார்கள். அந்த இரண்டு இடத்து இலக்கமும் டாஷ்போர்டுத் தகடும் ஒன்றாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் சட்டம் விபத்தில் மாறியிருக்கலாம், அது ஒரு காரணம். கௌலும் மாறியிருந்தால் காரணம் கேட்காமல் கிளம்பிவிடலாம். ஓட்டுநர் பக்க உள் ஃபெண்டரில் இரண்டு திருகில் நிற்கும் தகட்டில் ஈ74 என்ற குறி இருந்தால் ஹெமி. ஆனால் அந்தத் தகட்டையும் இப்போது செய்து தருகிறார்கள் என்பதால் அதைச் சாட்சியாக மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும், தீர்ப்பாக அல்ல. புதுப் பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் கோடு எங்கே போகிறது என்று பார்க்கத் தெரிந்த டிங்கரிங் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது எந்தச் சான்றிதழையும்விட உபயோகம்.

இருந்தாலும் ஒரு பெரிய வித்தியாசத்தை மறக்கக்கூடாது. ஹெமி குடாவில் இன்ஜின் வெடித்துப்போய் வேறு ஹெமி பிளாக் வைத்திருந்தால் விலை குறையும், ஆனால் அது ஹெமி குடாவாகவே இருக்கும். இந்தக் கார்களை வாங்கியவர்கள் பந்தயத்துக்கே ஓட்டினார்கள், வாரண்டியிலேயே இன்ஜின் மாற்றியதும் உண்டு, அதனால் இது அபூர்வமும் இல்லை. ஒரிஜினல் இன்ஜினும் இல்லை காகிதமும் இல்லை என்ற நிலையில் ஒரு ஷெவெல் நின்றால், உலகத்தின் கண்ணில் அது பெரிய இன்ஜின் வைத்த ஒரு மாலிபு. அது நிஜமாகவே எல்எஸ்6ஆகப் பிறந்திருந்தாலும் அதே கதிதான். பாவம்.

ஏலத்தில் என்ன நடந்தது

2006 ஜனவரியில் பாரெட் ஜாக்சன் ஏலத்தில் 1970 ஹெமி குடா கன்வெர்ட்டிபிள் ஒன்று 21.6 லட்சம் டாலருக்குப் போயிற்று. அந்த வருடமே எல்எஸ்6 ஷெவெல் கன்வெர்ட்டிபிள் ஒன்றும் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. அது ரே ஆலன் ஓட்டிய பந்தயக் கார். பந்தய மைதானத்துப் போட்டோக்கள், பத்திரிகைச் செய்திகள் எல்லாம் அதன் பிறப்பைப் பொதுவெளியில் பதிந்து வைத்திருந்தன. வேறு விதமாகச் சொன்னால், அந்த ஷெவெலுக்குக் காகிதப் பிரச்சினை இல்லை, உடனே விலை அந்தக் குடாவின் விலையில் ஏறக்குறைய பாதியை எட்டிவிட்டது. என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

2008 பொருளாதாரச் சரிவில் மசில் கார் விலை பலமாக அடி வாங்கியது. கடன் வாங்கிக் கார் வாங்கியவர்கள் கைகளைச் சுட்டுக்கொண்டார்கள். அப்புறம் 2014இல் சியாட்டிலில் மீக்கம் ஏலத்தில் 1971 ஹெமி குடா கன்வெர்ட்டிபிள் 35 லட்சம் டாலர் தொட்டது. அது வேறு உலகம், பதினொன்றோ என்னவோ செய்த சமாச்சாரம். கன்வெர்ட்டிபிள் விலையை வைத்து ஹார்ட்டாப் விலையைக் கணக்குப் போடுபவர்கள் தவறான இடத்துக்குப் போவார்கள். ஹார்ட்டாப்புகளில் பொதுவாக, நிலைமை சமமாக இருந்தால், குடாவுக்கு ஷெவெலைவிடக் கணிசமாக அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

வைத்துக்கொள்வது

இதில் ஷெவெல் பக்கம் சாய்கிறேன். ஹெமியில் இரண்டு நாலு-பேரல் கார்புரேட்டர், அகலமான ஹெட், வால்வு மூடிக்கு நடுவில் இறங்கும் ஸ்பார்க் பிளக். டியூனிங் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம், சாமான் விலையும் எரிச்சலூட்டும். ஏசி ஹெமிக்குத் தரவே இல்லை. எல்எஸ்6இல் சாலிட் லிஃப்டர் என்பதால் டாப்பெட் இடைவெளியை அவ்வப்போது சரிசெய்ய வேண்டும், 11.25 அழுத்தத்துக்கு இன்றைய பங்க் பெட்ரோல் போதாது, மற்றபடி அது பெரிய ஷெவர்லே இன்ஜின், எந்த ஊரிலும் திறக்கத் தெரிந்தவர் இருப்பார். நாலு பேர் உட்கார்ந்து போகவும் முடியும். குடாவின் பின் சீட்டு பெயருக்குத்தான்.

ஆக யாருக்கு எது? பணத்தைப் பத்திரமாகப் போட்டு வைப்பதுதான் நோக்கம், வருடத்தில் இரண்டு முறை வெளியே எடுத்தால் போதும் என்பவர், கௌல் இலக்கம் ஒத்துப்போகிற ஹெமி குடா ஹார்ட்டாப்பை, இன்ஜின் மாறியிருந்தாலும் பரவாயில்லை என்று விலை பேசி வாங்கலாம். ஓட்டவும் வேண்டும், மதிப்பும் நிற்க வேண்டும் என்பவருக்குப் பில்டு ஷீட் உள்ள எல்எஸ்6. காகிதம் இல்லாத எல்எஸ்6ஐ எல்எஸ்6 விலைக்கு யார் கொடுத்தாலும் வேண்டாம். நகல் என்று ஒப்புக்கொண்டு நகல் விலைக்கு விற்கிற ஷெவெல் எத்தனையோ உண்டு, அதே 454, அதே சத்தம், திருட்டு பயமும் குறைவு. ஹெமிக்குக் கை எட்டவில்லை, ஆனால் தகட்டிலேயே நிரூபணம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் விஐஎன்னில் ஆர் இருக்கும் இடத்தில் வி என்று உள்ள குடாவைத் தேடலாம். மூன்று கார்புரேட்டர் வைத்த 440 அது. ஹெமிக்கு இணையாகத் தெருவில் ஓடும், விலை அதைவிடப் பல படி கீழே.